நான்கு மில்லிமீட்டர்

பெட்டியைத் திறந்ததும் எடை பார்க்கத் தோன்றியது.
மருந்தறைத் தராசில் வைத்தேன்.
ஒற்றைக்கால் நூற்று அறுபது கிராம்.
ஆறாயிரத்து நானூறு ரூபாய்க்கு
ஏறக்குறைய ஒன்றுமில்லை.

பழைய ஜோடி ஒரு தலையணை.
மூன்று வருடம் அதன்மேல்தான்
பாமணியாற்றுக் கரையில் விடியுமுன் ஓடினேன்.
கீழே மண்ணா, கப்பியா, மாட்டுச் சாணமா,
கண்ணுக்குத் தெரியும், காலுக்குத் தெரியாது.
குதிகால் முதலில் விழும், தொம்மென்று.
அந்தத் தொம்
முழங்காலில் ஏறிக் குந்திக்கொள்ளும்,
மாடிப்படி இறங்கும்போது பேசும்.

புதியதில் குதிகாலால் விழ முடியாது,
விழுந்தால் மண்டை வரை கேட்கும்.
உடம்பு தானாகச் சின்ன எட்டுக்கு மாறியது.
சத்தம் குறைந்ததில்
கொக்குகூடத் தாமதமாகத்தான் எழுந்து பறந்தது.
பக்கத்து ஆள் இறங்கிப்போன பஸ் சீட்டில் போல
விரல்கள் ஐந்தும் அகன்று உட்கார்ந்தன.
ஆனி பிறந்திருந்தது,
மேட்டூர்த் தண்ணீர் எங்கள் பக்கம் வரவில்லை.
வெடித்த களிமண்ணின் ஓரம்,
காய்ந்த நத்தை ஓடு,
பம்புசெட் கசிந்த இடத்தின் குளிர்ச்சி,
எல்லாவற்றையும் உள்ளங்காலால்
எழுத்துக்கூட்டிப் படித்தேன்.
முழங்கால் பேச்சை நிறுத்தியது.

பெட்டிக்குள் ஒரு துண்டுச் சீட்டும் இருந்தது:
முதல் வாரம் ஒரு கிலோமீட்டருக்கு மேல் வேண்டாம்.
நான் எட்டு ஓடினேன்.
மறுநாள் ஆஸ்பத்திரிப் படியில்
கெண்டைக்கால் இரண்டும் இழுக்க
நண்டு மாதிரி இறங்கினேன்.
அப்படியும் விடவில்லை.
கரைச் சாலைக்குக் கொட்டிய முக்கால் இஞ்சு ஜல்லி,
அதையும் படிக்க ஆசை.
கருவை முள் ஒன்று அடியைத் துளைத்து
உள்ளே எட்டிப் பார்த்தது.
நாலு மில்லிமீட்டர் அதற்கு ஒரு கதவா?

மூன்றாம் வாரம்
வலது பாதத்தின் மேலே ஒரு புள்ளி.
விரல் வைத்தால் அங்கே மட்டும் உயிர் போகும்.

மன்னார்குடி அரசு ஆஸ்பத்திரியில்
பதினோரு வருடமாக எக்ஸ்ரே எடுக்கிறவள் நான்.
என் காலை நானே மேசையில் வைத்து,
“அசையாதீங்க” என்று பழக்கத்தில் எனக்கே சொல்லி,
ஜெசிந்தாவைப் பட்டனை அழுத்தச் சொன்னேன்.
எலும்பு சுத்தமாக இருந்தது.
டாக்டர் நஸ்ரின் படத்தைத் தள்ளி வைத்துவிட்டு
அந்தப் புள்ளியை அழுத்தினார்.
“இப்ப தெரியாது. மூணு வாரம் கழிச்சு எடு.
ஆற ஆரம்பிச்சாத்தான்
விரிஞ்சதே தெரியும்.”

எடுத்தேன்.
இரண்டாவது எலும்பின் தண்டில்
பஞ்சு ஒட்டியதுபோல் வெள்ளையாக ஒரு புகை.

ஆதி மனிதன் வெறுங்காலில்தான் ஓடினானாம்.
இருக்கலாம்.
அவன் கால் பாட்டா செருப்புக்குள் பள்ளிக்கூடம் போகவில்லை,
கான்கிரீட் தரையில் எட்டு மணிநேரம் நிற்கவில்லை,
எட்டு கிலோமீட்டரைப் போனில் பதிந்து
தங்கைக்கு அனுப்பவில்லை.

அந்த வாரம்தான் செங்கமலம் வந்தாள்.
என் வயதுதான் இருக்கும்.
குறுவைக்குக் களையெடுக்கப் போன இடத்தில்
யாரோ குடித்து வீசிய பாட்டில் சில்லு, குதிகாலுக்குள்.
படத்தில் சில்லு பளிச்சென்று விழுந்தது.
நான் பார்த்தது விரல்களை.
கோழிக்கால்போல் விரிந்திருந்தன.
என் படத்தில் அவை பெட்டிக்குள் தீக்குச்சி.

அடுத்த வாரம் கட்டுப் பிரித்துக்கொண்டு
மறுபடி எட்டிப் பார்த்தாள்.
நாற்காலிக்குக் கீழே கிடந்ததைக் காலால் தள்ளி,
“என்னா வெலங்க இது?”
சொன்னேன்.
“ஆறாயிரம் குடுத்து வெறுங்காலா!”
சிரிப்பில் அவளுக்குப் புரையேறியது.
பிறகு, “போட்டுப் பாக்கவா?”

கடைச் செருப்பு எதிலும் நுழையாத விரல்கள்
அதில் நுழைந்தன.
வராந்தாவில் டோக்கன் வரிசையை ஒட்டி
ஊசி போடும் அறை வரை போனாள், திரும்பினாள்.
கழற்றி, ஜோடி சேர்த்து வைத்துவிட்டு,
“போட்டாப்லயே இல்லீங்க” என்றாள்.

ஆவணி வந்துவிட்டது.
பாமணியில் தண்ணீர் கரை தொட்டு ஓடுகிறது.
திங்கட்கிழமை முதல் ஓடலாம், மெதுவாக, என்கிறார் டாக்டர்.
வாசலில் இரண்டு ஜோடியும் கிடக்கின்றன.
அவள் சொன்னது
புகழ்ச்சியா, குறையா?
கேட்டிருக்கலாம்.